ஓங்கோல் காளையும் கரிசல் ஏரும்

வங்கக் கடலிலிருந்து சில கல் தொலைவில் அமைந்த ஓங்கோல் நகரை உலகம் அறிந்தது கோட்டையாலும் அன்று, கோயிலாலும் அன்று, மாட்டால். பிரேசில் நாட்டின் பரந்த மேய்ச்சல் நிலங்களில் இன்று காணப்படும் வெண்ணிற மாடுகளின் மூதாதையர் அந்நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களின் தொழுவங்களில் பிறந்தவை. அவ்வூர்களின் மண் கரிசல். அங்கே விளைந்தவை சோளமும் பயறும். அங்கிருந்து தெற்கே எழுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என விரியும் நிலப்பரப்பும் கரிசலே. விளைந்ததும் சோளமும் பருத்தியும் பயறுமே. இரண்டு இடத்திலும் காளை இல்லாமல் உழவு இல்லை. வடக்கே தெலுங்கு பேசிய குடிகளின் ஒரு பகுதியினர்தாம் தெற்கே வந்து இந்தக் கரிசலையும் உழுதனர். அப்படியிருக்க, ஓங்கோல் கரிசலிலிருந்து உலகப் புகழ் பெற்ற ஓர் இனம் எழுந்தது எவ்வாறு? கோவில்பட்டிக் கரிசலின் காளைக்கு ஒரு பெயர்கூட அமையாமற் போனது ஏன்? இரண்டாம் கேள்விக்கான விடை முதற் கேள்வியின் விடைக்குள்ளேதான் இருக்கிறது.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நலம். ஓங்கோல் இன்று பிரகாசம் மாவட்டத்தின் தலைநகர். அம்மாவட்டம் 1970இல் அமைக்கப்பட்டு, 1972இல் ஆந்திர கேசரி டங்குடூரி பிரகாசத்தின் பெயரைப் பெற்றது. அதற்குமுன் ஓங்கோல் குண்டூர் மாவட்டத்தில் இருந்தது. குண்டூர் மாவட்டம் 1904இல் பிரிக்கப்படும் வரையில் ஓங்கோல் வட்டம் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகையால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில அதிகாரிகளுக்கு அது 'நெல்லூர் மாடு'. கப்பல் ஏறிச் சென்ற காலத்தில் மாட்டின்மேல் ஒட்டியிருந்த பெயரும் அதுவே. பிரேசிலில் இன்றும் அதன் பெயர் 'நெலோர்'. பிறந்த ஊரின் பெயரை விடுத்து மாவட்டத் தலைநகரின் பெயரைச் சுமந்து சென்றது அந்த மாடு. ஊர்ப்பெயர்கள் ஆவணங்களில் ஏறும் வழி பெரும்பாலும் இப்படித்தான்.

இவ்வினத்தின் தாயகமாகச் சொல்லப்படுவது குண்டலகம்மா, அல்லூரு ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலமும் அதையொட்டிய ஓங்கோல், கந்துகூர், நரசராவ்பேட்டை, வினுகொண்டா வட்டாரங்களும் ஆகும். மாடு பெரிது, உடல் நீளம், கால் வலிது. நிறம் வெண்மை. காளைக்குத் தலை, கழுத்து, திமில் ஆகிய இடங்களில் கருஞ்சாம்பல் படரும். கொம்பு குட்டை, நெற்றியிலிருந்து தடித்த முளைபோல எழும். கழுத்தின் கீழ் அலைதாடி மடிமடியாகத் தொங்கும். வெள்ளை மயிருக்கு அடியில் தோல் கருமை. வெயிலைத் திருப்பியனுப்பும் மயிரும் வெயிலுக்கு வெந்துபோகாத தோலும் சேர்ந்த இந்த அமைப்பே பின்னாளில் கடல்கடந்த நாடுகள் இதனை விரும்பக் காரணமாயிற்று. சொந்த ஊரிலோ யாரும் தோலின் நிறத்தைப் பார்த்து இதை வளர்க்கவில்லை. ஆழ உழவும் பார வண்டி இழுக்கவும் வளர்த்தார்கள். மழை பெய்தால் களியாகி ஏர்க்காலைப் பற்றிக்கொள்ளும் மண்ணும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் மண்ணும் சிறு மாட்டுக்கு அடங்குபவை அல்ல.

மாட்டின் பெருமையைப் பேசுவோர் பலரும் அதன் திமிலையும் நடையையும் பேசுவர், தின்றதைப் பேசமாட்டார். ஓங்கோல் மாட்டின் வரலாற்றில் காளைக்குச் சமமான இடம் ஒரு சிறு கொடிக்கு உண்டு. தெலுங்கில் 'பில்லிபெசர' என்பர், தமிழில் நரிப்பயறு. மனிதன் உண்ணும் பாசிப்பயற்றின் எளிய உறவு இது. ஓங்கோல் உழவர் இதனைக் களையாகக் கருதாமல் மாட்டுக்கென்றே விதைத்தார்கள். சோளத் தட்டையோடு நரிப்பயற்றுக் கொடியும் சேர்ந்தால் தட்டையில் இல்லாத சத்து கொடியில் கிடைத்தது. சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் விளைந்த தீவனம் எலும்பை வளர்த்தது. தாம் உண்ணும் தானியத்தோடு மாடு உண்ணும் பயிருக்கும் புஞ்சையில் பங்கு ஒதுக்கிய உழவர் அவர்கள். இனத்தின் அடித்தளம் அந்தப் பங்கீடு.

இரண்டாவது தூண் பொலிகாளை. குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் மறைந்தால் அவர் நினைவாக நல்ல காளைக்கன்று ஒன்றைத் தெய்வத்துக்கு நேர்ந்து, சூட்டுக்குறி இட்டு, ஊர்க்கு விட்டுவிடுவது அவ்வட்டாரத்து வழக்கம். கன்றைத் தேர்வதில் ஊர்ப் பெரியவர்கள் தலையிட்டார்கள். சொத்தைக் கன்றை நேர்ந்துவிட்டால் இறந்தவருக்கு இழுக்கு. சிறந்த கன்று ஒருவரிடம் இல்லையேல் பலர் பணம் சேர்த்து வாங்கினர். அப்படி விடப்பட்ட காளை எந்தப் புஞ்சையில் மேய்ந்தாலும் அடிப்பாரில்லை. ஊர்ப் பசுக்கள் அனைத்துக்கும் அதுவே பொலிகாளை. நீத்தார் கடன் என்னும் பெயரில் நடந்தது உண்மையில் இனத் தேர்வு. கால்நடைத் துறை என்று ஒன்று தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இது நடந்திருக்கிறது. வெள்ளைக்கார அதிகாரிகள் இவ்வழக்கத்தைக் கண்டு வியந்து எழுதினார்கள். இவ்வழக்கம் தளர்ந்தபோது இனமும் தளரத் தொடங்கியது என்பதையும் பின்வந்தோர் பதிவு செய்தனர்.

கன்று வளர்ப்பு ஒரு வருமானமாக இருந்தது என்பது மூன்றாவது செய்தி. ஓங்கோல் பகுதியின் குடியானவர் தம் ஏருக்கு வேண்டிய காளையை மட்டும் வளர்க்கவில்லை. விற்பதற்காகவும் வளர்த்தார்கள். கோதாவரி, கிருஷ்ணா நதிகளின் வளமான கழிமுகச் சமவெளிகளில் நெல் உழவுக்குக் காளை தேவைப்பட்டது. அங்கே மேய்ச்சல் இல்லை. வறண்ட மேட்டுநிலம் காளையை விற்றது. நீர்வளம் உள்ள நிலம் வாங்கியது. விலை கிடைத்ததனால் கன்றுக்குப் பால் விட்டார்கள். தாய்க்குத் தீவனம் இட்டார்கள்.

இனிக் கடல் கடந்த கதை. 1868இல் இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பல் ஒன்று பிரேசிலின் சால்வதோர் துறைமுகத்தில் நின்றபோது, அதிலிருந்த இரண்டு ஓங்கோல் மாடுகள் அங்கேயே விற்கப்பட்டன என்று பிரேசில் மாட்டுப் பண்ணையாளர் மரபு கூறும். பத்தாண்டு கழித்து, 1878இல், மனோயல் லெம்குரூபர் என்னும் பண்ணையார் ஒரு சோடி மாடுகளை இந்தியாவிலிருந்து அன்றி ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து விலங்குக் காட்சிசாலையிலிருந்து வாங்கினார். ஓங்கோல் உழவரின் தொழுவத்து மாடு ஐரோப்பாவில் காட்சிப் பொருளாக நின்று, அங்கிருந்து தென்னமெரிக்கா சென்றது! பின்னர் வணிகர்கள் நேரே இந்தியாவுக்கு வந்தனர். ஐரோப்பிய மாடுகள் உண்ணியாலும் வெக்கையாலும் மடிந்த வெப்பமண்டலப் புல்வெளிகளில், முரட்டுப் புல்லைத் தின்று செழித்தது வெள்ளை மாடு. 1938இல் பிரேசில் இந்தியவழி மாட்டினங்களுக்கு முறையான மரபுப் பதிவேட்டைத் தொடங்கிற்று. ஒவ்வொரு கன்றுக்கும் தந்தை யார், தாய் யார் என்னும் கணக்கு ஏட்டில் ஏறியது.

ஏறத்தாழ இதே காலப்பகுதியில் டச்சுக்காரர் ஓங்கோல் மாடுகளைச் சாவகத்துக்கும் சும்பா தீவுக்கும் கொண்டு சென்றனர். இந்தோனேசியாவில் இன்றும் 'சும்பா ஓங்கோல்' என்னும் பெயரில் அவற்றின் வழித்தோன்றல்கள் உள்ளன. அங்கே மட்டும் ஊர்ப்பெயர் சிதையாமல் நின்றது. அமெரிக்காவின் 'பிராமன்' இனத்தை உருவாக்கிய கலப்பிலும் ஓங்கோலின் குருதி உண்டு.

பிரேசில் வரலாற்றில் 1962 ஒரு திருப்பம். அந்த ஆண்டில்தான் கடைசிப் பெருந்தொகுதி மாடுகள் இந்தியாவிலிருந்து சென்றன. அவற்றுள் ஓங்கோலை அடுத்த கரவதி என்னும் ஊரிலிருந்து சென்ற காளை ஒன்று. அதை வாங்கிச் சென்றவர் தோரஸ் ஓமெம் ரோட்ரிகஸ் த குன்யா என்னும் பெரும்பண்ணையாளர். காளைக்குப் பிரேசிலில் இட்ட பெயரும் ஊர்ப்பெயரே: 'கார்வாடி'. அந்நாட்டு மரபுப் பட்டியல்களில் மீண்டும் மீண்டும் தோன்றும் பெயர் அது. உடன் சென்றவற்றுள் 'கோதாவரி' என்றும் 'ஆகாசமு' என்றும் பெயர் தாங்கியவை இருந்தன. தெலுங்குச் சொல்லென்று அறியாமலே போர்த்துகீசிய நாவுகள் இன்றும் அவற்றை உச்சரிக்கின்றன. பிரேசிலின் மாட்டுத்தொகை இன்று 20 கோடிக்கு மேல். அதில் பெரும்பகுதி நெலோரும் நெலோர்க் கலப்புமே. 2023இல் 'வியாதினா-19' என்னும் நெலோர்ப் பசுவின் மூன்றில் ஒரு பங்கு உரிமை ஏலம் போனது. அதைக் கொண்டு முழுப் பசுவுக்கும் கணக்கிட்ட மதிப்பு 40 லட்சம் அமெரிக்க டாலரைத் தாண்டியது. மாடு ஒன்றுக்கு உலகம் அதுவரை தந்திராத விலை என்று அது சாதனைப் புத்தகத்தில் ஏறியது.

இதனைப் பெருமையாகச் சொல்வோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஓங்கோலிலிருந்து சென்றது ஏர் மாடு. பிரேசிலில் நிற்பது இறைச்சி மாடு. அங்கே அது நுகத்தடியைக் கண்டதில்லை. அதன் மேய்ச்சலுக்காக அமேசான் காடுகள் அழிக்கப்படுவதும் இந்தப் பெருக்கத்தின் மறுபக்கம். உருவமும் குருதியும் தொடர்கின்றன. உழவனோடு அதற்கு இருந்த உறவு கடல் தாண்டவில்லை.

தாயகத்தில் நடந்தது வேறு. 1920களில் குண்டூர்ப் பகுதியில் வர்ஜீனியாப் புகையிலை வேரூன்றியது. பின்னர் ஓங்கோல் பகுதிக்கும் பரவிற்று. ஓங்கோல் புகையிலை ஏலத்துக்குப் பெயர்போன ஊராயிற்று. புகையிலை பணம் தரும். ஆனால் அதன் தாளை எந்த மாடும் தின்னாது. சோளம் நின்ற இடத்தில் புகையிலை வந்தபோது உழவனுக்கு வருமானம் கூடியது; மாட்டுக்கு உணவு குறைந்தது. நரிப்பயற்றுக்கு ஒதுக்கிய பங்கு முதலில் போயிற்று. பிறகு டிராக்டர் வந்தது. காளையை வீழ்த்தியது டிராக்டர் என்றே பொதுவாகச் சொல்வர். டிராக்டர் கடைசியாக வந்த காரணம். தீவனம் போனது முதற்காரணம். குண்டூரை அடுத்த லாம் கால்நடைப் பண்ணை போன்ற அரசு நிலையங்கள் இனத்தைக் காத்து வருகின்றன. ஊர்களில் காளைகளைக் காத்து நிற்பது பெரும்பாலும் பந்தயம். பொங்கல், சிவராத்திரி, உகாதி நாட்களில் பெருங்கல்லைப் பூட்டி இழுக்கவிடும் போட்டிகள் ஆந்திரத்தில் நடக்கின்றன. அதற்கென வளர்க்கப்படும் சோடிகள் உழுவதில்லை. கல் இழுக்க மட்டுமே உண்ணுகின்றன. 2002இல் ஐதராபாதில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாக 'வீரா' என்னும் காளை விளங்கியது. வயலை விட்டு நீங்கிய காளைக்குச் சின்னமாக இடம் கிடைத்தது.

தெற்குக் கரிசலுக்கு வருவோம். மதுரை நாயக்கர் ஆட்சியில், பதினாறாம் நூற்றாண்டில், பாளையங்கள் அமைந்தபோதும் அதன் முன்னும் பின்னும், தெலுங்கு பேசும் குடிகள் அலையலையாக இப்பகுதியில் வந்து குடியேறினர். ஆற்றங்கரை நன்செய் முன்னரே உழவர் கையில் இருந்தது. வந்தவர்கள் கைக்கொண்டது பிறர் அதிகம் விரும்பாத கரிசல். கள்ளியும் முள்ளும் அடர்ந்த காட்டைத் திருத்தி ஊராக்கிய அந்த வரலாற்றைக் கி. ராஜநாராயணன் 1976இல் வெளிவந்த 'கோபல்ல கிராம'த்தில் புனைவாக்கினார். வந்தோர் வடக்கிலிருந்து மாட்டைக் கொண்டுவந்தார்களா, வழியில் வாங்கினார்களா என்பதற்கு ஏட்டுச் சான்று தேடுவது வீண். மாட்டின்மேல் கொண்ட பற்றைக் கொண்டுவந்தார்கள் என்பதற்குச் சடங்குகள் சான்று. ராஜகம்பளத்தார் தெய்வத்துக்கு நேர்ந்த மாட்டைத் 'தம்பிரான் மாடு' என்று வணங்குவதும், சலகெருது ஓட்டமும், உறுமி ஒலிக்கும் தேவராட்டமும் மாட்டைச் சுற்றியே வாழ்ந்த ஒரு சமூகத்தின் நினைவுகள்.

கரிசலில் மாடு இல்லாமல் எதுவும் அசையவில்லை. கோடை உழவு, ஐப்பசி மழைக்குமுன் விதைப்பு, களை நீக்கம், களத்தில் கதிர் மிதிப்பு, கிணற்றுத் தோட்டத்தில் கமலை இறைப்பு ஆகிய அனைத்தும் மாட்டின் கழுத்தில் நடந்தவை. மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதை 1876இல் திறக்கப்படுவதற்கு முன், பருத்திப் பொதிகள் துறைமுகம் சேர்ந்தது மாட்டு வண்டியில். 1861 முதல் 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போரால் அந்நாட்டுப் பருத்தி லங்காஷயருக்குச் செல்லாமல் தடைப்பட்டபோது, திருநெல்வேலிப் பருத்தி பெருவிலை பெற்றது. அந்த விலையின் ஒவ்வொரு காசுக்கும் பின்னால் ஒரு சோடிக் காளை நடந்தது. ரயில் வந்தபின்னும் புஞ்சையிலிருந்து நிலையம் வரை வண்டியே கதி.

மாடு வாங்குவது ஒரு கல்வி. கழுகுமலை மாட்டுத்தாவணியிலும் சீவலப்பேரித் தாவணியிலும் அக்கல்வி கற்றவர்கள் கூடினர். பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறிவர். இரண்டு பல் என்றால் இளங்கன்று. எட்டுப் பல்லும் சேர்ந்துவிட்டால் முழு மாடு. சுழி பார்ப்பர், எந்த இடத்துச் சுழி குடும்பத்துக்கு ஆகும், எது ஆகாது என்பதில் கற்றவரும் கல்லாதவரும் ஒரே கட்சி. தரகர் துண்டுக்குள் கைவிட்டு விரல்களைப் பற்றி விலை பேசுவார். பேசிய விலை பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. நிறத்தாலேயே மாட்டுக்குப் பெயர்: மயிலை, செவலை, காரி, புல்லை. முல்லைக்கலியில் ஏறுகள் நிறத்தாலும் புள்ளியாலும் அடையாளம் காட்டப்படுவதைக் கற்றோர் அறிவர். அந்த மரபு தாவணியில் தொடர்ந்தது.

இத்தனை மாடு இருந்தும் கரிசலுக்கெனத் தனி மாட்டினம் உருவாகாதது ஏன்? தமிழ்நாட்டில் காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என இனங்கள் பெயர் பெற்றுள்ளன. கரிசலின் பெயர் தாங்கிய மாட்டினம் அப்பட்டியலில் ஒன்றும் இல்லை. விடை 'தாவணி' என்னும் சொல்லிலேயே இருக்கிறது. கரிசல் மாட்டை வாங்கிய நிலம். வளர்த்து விற்ற நிலம் அன்று. கொங்கு நாட்டில் கிளுவை வேலியிட்ட கொரங்காடு இருந்தது. கொழுக்கட்டைப் புல் மண்டிய அந்த மேய்ச்சலில்தான் காங்கேயம் பிறந்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அதற்குப் புரவலராய் நின்றது. காவிரிக் கழிமுகத்தின் சேறும் உவர்ப்புல்லும் உம்பளச்சேரியை ஆக்கின. கோவில்பட்டிக் கரிசலில் மேய்ச்சலுக்கென்று விட்ட நிலம் அரிது. ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் முடிந்துவிடும். ஓங்கோலுக்கு இருபருவ மழையும் ஓரளவு கிடைப்பதுபோல் இங்கே இல்லை. உழக்கூடிய கரிசல் முழுவதையும் பருத்தி பிடித்துக்கொண்டது. சேர்த்துவைத்த சோளத் தட்டைப் படப்பு ஏர் மாட்டுக்கே ஆண்டு முழுவதும் போதாது. பசுவுக்கும் கன்றுக்கும் எங்கே போவது? வளர்ந்த காளையை வாங்குவதே சிக்கனம். வாங்கிய காளை காயடிக்கப்பட்டது. ஏர் மாட்டுக்குச் சந்ததி இல்லை. ஒரு தலைமுறை உழைத்துத் தீர்ந்தபின் இன்னொரு சோடி வேறு ஊரிலிருந்து வந்தது. இனம் உருவாக வேண்டிய தொடர்ச்சி ஒவ்வொரு தாவணியிலும் அறுந்தது.

இவ்விளக்கத்துக்கு ஆடுகள் துணைச் சான்று. படப்பை நம்பாமல், கருவேல நெற்றையும் தரிசுப் புல்லையும் அறுப்பு முடிந்த காட்டையும் நம்பி வாழ்ந்தவை வெள்ளாடும் செம்மறியும். அவற்றுக்கு இங்கேயே தொடர்ச்சி இருந்தது. ஆகையால் பெயரும் கிடைத்தது. கோவில்பட்டி, சாத்தூர் வட்டாரத்தின் கன்னி ஆடு கருநிறம். முகத்தில் இருபுறமும் கோடு. கோடு வெண்மையானால் பால்கன்னி, செம்மையானால் செங்கன்னி. நெடிய காலும் மெலிந்த உடலும் கொண்டது கொடி ஆடு. வெள்ளையில் கருமை தெறித்தால் கரும்போரை, செம்மை தெறித்தால் செம்போரை. விளாத்திகுளம் பக்கத்து வேம்பூர் தன் பெயரைச் செம்மறி ஒன்றுக்குத் தந்தது. 'கீழக்கரிசல்' என்னும் செம்மறியோ மண்ணின் பெயரையே தாங்கியது. எட்டயபுரம் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை இன்றும் பெருவணிகம் நடக்கும் இடம். மேய்ப்பவன் சொத்து இனமாயிற்று. உழுபவன் சொத்து பெயரின்றிப் போயிற்று.

அரசு ஏடுகளின் பங்கும் இதில் உண்டு. 1909இல் கன் என்பவர் எழுதித் தென்னிந்திய மாடுகளைப் பற்றிச் சென்னை மாகாண வேளாண் துறை வெளியிட்ட நூலிலும், 1936இல் லிட்டில்வுட் எழுதிய தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலிலும் ஓங்கோல், காங்கேயம் முதலிய இனங்கள் விரித்துரைக்கப்பட்டன. நூலில் இடம்பெற்ற இனத்துக்குப் பண்ணை கிடைத்தது. பண்ணை கிடைத்ததற்குப் பாதுகாப்புக் கிடைத்தது. கோவில்பட்டியிலும் ஆராய்ச்சிப் பண்ணை அமைந்தது; 1901இலேயே அமைந்தது. அது தொடங்கப்பட்ட நோக்கம் பருத்தி. கருங்கண்ணிப் பருத்தியின் விதையைத் தேர்ந்து, பிரித்து, எண்ணிட்டு வளர்த்தனர். பின்னர் சோளம் முதலியவற்றுக்கும் 'கே' என்னும் எழுத்தோடு கோவில்பட்டி வகைகள் வெளிவந்தன. விதைக்கு ஏடு இருந்தது. அந்த விதையைப் புதைக்க மண்ணைக் கீறிய காளைக்கு ஏடு இல்லை. லங்காஷயர் ஆலைக்கு வேண்டியது பஞ்சு; பஞ்சை விளைவித்த கழுத்தின் வரலாறு அதற்குத் தேவைப்படவில்லை.

அந்த ஏடு வேறு கையால் எழுதப்பட்டது. 1982இல் கி.ரா. தொகுத்து வெளியிட்ட கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைக் கால்நடைத் துறையார் யாரும் தம் நூலாகக் கருதியதாகத் தெரியவில்லை. ஆனால் தொழு, படப்பு, குளுதாடி, காடி, கூளம் என்று கரிசலில் புழங்கும் சொற்களை அடுக்கிப் பார்த்தால், ஒரு மாடு எங்கே நின்றது, எதைத் தின்றது, எதில் குடித்தது என்பன யாவும் தெரிய வரும். அளவும் எடையும் தரும் அரசு நூல்கள் தராத செய்தி இது. கு. அழகிரிசாமி முதல் பூமணி, சோ. தர்மன் வரை கரிசல் எழுத்தில் வரும் ஆடுமாடுகளைக் கதைக்கான அலங்காரம் என்று கொள்வது தவறு. பதிவேடு வைக்கப்படாத ஒரு நிலத்தில் அவை பதிவேட்டின் வேலையைச் செய்கின்றன. குறையும் உண்டு. எழுத்து, காளையின் குணத்தைச் சொல்லும். எந்த ஊர்த் தாவணியில் வாங்கியது, எத்தனை ஆண்டு உழுதது, என்ன விலைக்குப் போயிற்று என்று வரிசையாகச் சொல்லாது. அவ்விவரங்கள் அறிந்த தரகர்களும் லாடம் அடிப்போரும் பெரும்பாலும் போய்விட்டனர். எஞ்சியோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலை பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்க வேண்டியதன்று. ஓர் இலக்கிய வட்டத்தின் கைக்கும் அடங்கும்.

ஓங்கோலில் புகையிலை செய்ததைக் கோவில்பட்டியில் மக்காச்சோளம் செய்தது. கிணறுகளில் மின்விசை இறைப்பு வந்தபோது கமலை போயிற்று. 1970களுக்குப் பின் டிராக்டர் பெருகியது. அப்போதும் பருத்தியும் நாட்டுச்சோளமும் கம்பும் இருந்தவரை ஊருக்குச் சில சோடிகள் எஞ்சின. 2000க்குப் பின் கரிசலின் பெரும்பகுதி மக்காச்சோளத்துக்கு மாறியது. கோழித்தீவன ஆலைகளுக்குப் போகும் பயிர் அது. இயந்திரம் அறுத்துக் கதிரடிக்கும் காட்டில் தட்டை நொறுங்கி மண்ணோடு போகிறது; கட்டி அடுக்கிப் படப்பு வைக்கக் கட்டு இல்லை. 2018இல் படைப்புழு மக்காச்சோளத்தை அழித்தபோது நாட்டுச்சோளத்துக்குத் திரும்புவது பற்றிச் சிலர் பேசினர்; விதை கிடைத்தாலும் உழவு மாடு கிடைப்பது எளிதன்று. பால் சங்கத்துக்கு ஊற்றும் கலப்பினப் பசுக்கள் தொழுவில் நிற்கின்றன. அவற்றை நுகத்தில் பூட்ட முடியாது. பூட்டவும் அவசியம் இல்லை.

காளை முற்றிலும் போய்விடவில்லை. தூத்துக்குடி மாவட்டத்துக் கரிசல் ஊர்களில் கோயில் கொடைகளின்போதும் பொங்கலையொட்டியும் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கிறது. பெரிய மாடு, சிறிய மாடு, பூஞ்சிட்டு எனப் பிரிவு பிரித்து, தார்ச் சாலையில் போக வர இத்தனை மைல் என்று எல்லை குறித்து விடுகின்றனர். முன்பு பருத்தி வண்டிகள் தூத்துக்குடிக்குப் போன சாலைகளும் அவற்றுள் அடக்கம். பந்தய மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் உளுந்தும் பேரீச்சையும் முட்டையும் கிடைக்கின்றன. எந்த ஏர் மாடும் கனவிலும் காணாத உணவு. சாலையின் இருமருங்கும் மக்காச்சோளம் நிற்க, வண்டிகள் சில நிமிடங்களில் பறந்து மறைகின்றன. பரிசு வழங்கி முடிந்ததும் மாடுகளைச் சிறு லாரிகளில் ஏற்றி, வந்த ஊர்களுக்கே திருப்பிக்கொண்டு போகின்றனர்.